புல் ரன் ஓடையை எங்கே, என்று கடப்பது: 1861 ஜூலையில் மெக்டவலின் முன்னிருந்த வழிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சமர் 1861 ஜூலை 21 அன்று, வர்ஜீனியாவில் புல் ரன் என்னும் ஓடையின் கரையில் நடந்தது. வடக்குப் படை அதில் தோற்று, அணி குலைந்து வாஷிங்டனை நோக்கி ஓடியது. வீரர்களுக்குப் பயிற்சி போதாது என்பதே இத்தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எதிரே நின்ற தெற்குப் படையினரும் சில மாதங்களுக்கு முன்பு வரை உழவர்களாகவும் கடைக்காரர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்களே என்பதால் அந்தக் காரணம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. வடக்குப் படைத்தலைவர் இர்வின் மெக்டவல் அந்த ஓடையைக் கடக்க எந்தெந்த வழிகளை எண்ணிப் பார்த்தார், எவற்றைத் தள்ளினார், எதைத் தேர்ந்தார் என்பதை வரிசையாக ஒப்பிட்டால் வேறொரு படம் கிடைக்கிறது. என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: அவர் தேர்ந்த இடம் சரியானது, அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவிட்ட இரண்டு நாட்களில் அதன் மதிப்பு பெருமளவு கரைந்துவிட்டது.

இடத்தைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்பே, புறப்படுவதா வேண்டாமா என்ற கேள்வி இருந்தது. தலைமைத் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் புறப்பட வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றார். எழுபத்தைந்து வயதான அந்த முதிய படைவீரர், தெற்கின் துறைமுகங்களைக் கப்பல்களால் அடைத்துவிட்டு, படையை நன்கு பயிற்றுவித்து, மிசிசிப்பி ஆற்றின் வழியே இறங்கித் தெற்கை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று கருதினார். நிதானமான திட்டம்தான், போரின் பிற்பகுதி பெருமளவு அவ்வழியிலேயே சென்றது. ஆனால் 1861 கோடையில் அதற்குக் காது கொடுக்க ஆளில்லை. தெற்கின் தலைநகரான ரிச்மண்டை நோக்கிப் புறப்படு என்று செய்தித்தாள்கள் முழங்கிக்கொண்டிருந்தன. அந்நகரில் ஜூலை 20 அன்று தெற்குக் கூட்டமைப்பின் பேரவை கூடவிருந்தது. இவற்றையெல்லாம்விட அழுத்தமான காரணம் ஒன்றும் உண்டு. ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் அழைத்த 75,000 பேர் தொண்ணூறு நாள் சேவைக்கு மட்டுமே வந்தவர்கள். ஜூலைப் பிற்பாதியில் அவர்களின் தவணை ஒவ்வொரு ரெஜிமெண்டாக (பல நூறு பேர் கொண்ட படைப்பகுதியாக) முடியத் தொடங்கும். தெற்குத் தரப்பில் பெரும்பாலோர் ஓராண்டுக்குப் பெயர் கொடுத்திருந்ததால் அங்கே இந்த நெருக்கடி இல்லை. காத்திருந்தால் மூன்றாண்டுச் சேவைக்கு வந்த புதியவர்கள் கிடைப்பார்கள் என்பது மெய்யே. ஆனால் கையில் இருப்பவர்கள் போய்விடுவார்கள்.

மெக்டவலின் சொந்த விருப்பமும் காத்திருப்பதே. நாற்பத்திரண்டு வயதான அவர் அதுவரை தலைமையக அலுவலகப் பணிகளிலேயே பெரும்பகுதியைக் கழித்தவர். களத்தில் படை நடத்தியதில்லை. எட்டு ரெஜிமெண்டுகளை ஒன்றாக நிறுத்திப் பார்வையிட்டதற்கே, ஏதோ ஆடம்பரம் காட்டுகிறார் என்று குறை சொல்லப்பட்டதாக அவர் பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் கூறினார். பயிற்சிக்கு அவகாசம் கேட்டபோது, நீங்கள் கற்றுக்குட்டிகள்தான், ஆனால் அவர்களும் கற்றுக்குட்டிகளே, எல்லோரும் ஒரே நிலையில்தான் இருக்கிறீர்கள் என்ற பொருளில் தமக்கு மறுமொழி வந்ததாகவும் அங்கே சொன்னார். இந்த மறுமொழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. கற்றுக்குட்டிகள் இருதரப்பிலும் இருக்கும்போது, இருக்குமிடத்தில் நின்று காப்பவர்களுக்கு வேலை எளிது; நகர்ந்து, சுற்றி வந்து, நேரம் தவறாமல் தாக்க வேண்டியவர்களுக்கு அது மிகக் கடினம். எனினும் ஜூன் 29 அன்று வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் அவரது திட்டம் ஏற்கப்பட்டது. ஜூலை 8 அளவில் புறப்பட எண்ணியிருந்த படை, வண்டிகளும் ஆட்களும் சேரத் தாமதமானதால் 16 அன்றுதான் நகர்ந்தது.

அத்திட்டத்துக்கு ஓர் அடிப்படை நிபந்தனை இருந்தது. மனாசஸ் ரயில் சந்திப்பில் இருந்த தெற்குப் படைக்குத் தலைவர் போரிகார்ட். வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில் 1838ஆம் ஆண்டு மெக்டவலோடு ஒன்றாகத் தேறியவர். அவரிடம் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இருந்தார்கள். மேற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், வின்செஸ்டரை ஒட்டி, ஜோசஃப் ஜான்ஸ்டனிடம் மேலும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். இவ்விரண்டு படைகளையும் மனாசஸ் கேப் ரயில் பாதை இணைத்தது. மெக்டவலிடம் இருந்த சுமார் முப்பத்தைந்தாயிரம் பேர் போரிகார்டைத் தனியே சந்தித்தால் எண்ணிக்கையில் தெளிவான மேலாதிக்கம் உண்டு. ஜான்ஸ்டனும் வந்து சேர்ந்தால் அது மறைந்துவிடும். ஆகவே ஜான்ஸ்டனைப் பள்ளத்தாக்கிலேயே கட்டிவைக்கும் பொறுப்பு, அங்கே பெரும்படையுடன் இருந்த வடக்கின் ராபர்ட் பேட்டர்சன் என்ற முதிய தளபதியிடம் விடப்பட்டது. ஜான்ஸ்டன் போரிகார்டுடன் சேர்ந்தால் பேட்டர்சன் அவர் குதிகாலைத் தொட்டுக்கொண்டே வருவார் என்று ஸ்காட் உறுதி சொல்லியிருந்தார். கீழே வரும் எந்த வழியை எடைபோடும்போதும் இந்த ரயில் பாதையை மறக்கக் கூடாது.

இனி நிலம். புல் ரன் அகலமான ஆறு அல்ல. ஆனால் அதன் கரைகள் பல இடங்களில் செங்குத்தானவை, மரம் அடர்ந்தவை. பீரங்கிகளும் வண்டிகளும் ஆழம் குறைந்த துறைகளிலோ பாலத்திலோதான் கடக்க முடியும். தென்கிழக்கே யூனியன் மில்ஸ் துறையில் தொடங்கி, மெக்லீன் துறை, பிளாக்பர்ன் துறை, மிட்செல் துறை என வந்து, வடமேற்கே வாரன்டன் சாலையின் கல்பாலம் வரை ஏறக்குறைய ஆறேழு மைல் நீளத்துக்குப் போரிகார்ட் தம் படையை விரித்திருந்தார். சீராக விரிக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த முழுப் படையணிகளில் பெரும்பாலானவை தென்கிழக்குத் துறைகளில் நின்றன. கல்பாலத்தில் நேதன் எவன்ஸ் என்ற அலுவலர் சுமார் 1,100 பேருடனும் இரண்டு பீரங்கிகளுடனும் மட்டுமே இருந்தார். பாலத்துக்கு அப்பால் வடமேற்கே காவல் இல்லை எனலாம்.

இந்த வரிசையின் நடுவில், பிளாக்பர்ன், மிட்செல் துறைகளில் நேரே மோதுவது முதல் வழி. வடக்குப் படை வந்து முகாமிட்ட சென்டர்வில்லிலிருந்து மனாசஸுக்குச் செல்லும் மிகக் குறுகிய பாதை அதுவே. பிளாக்பர்ன் துறை சென்டர்வில்லிலிருந்து மூன்று மைலளவில்தான் இருந்தது. பயிற்சியற்ற படைக்குச் சிக்கலில்லாத பாதை என்பது சிறிய நன்மையல்ல. ஆனால் ஓடையின் தெற்குக் கரையில் மரங்களுக்குள் தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படையணி மறைந்திருந்தது. ஜூலை 18 அன்று, முன்னணிப் பிரிவின் தலைவர் டேனியல் டைலர், சாலைகளை நோட்டமிடு, சண்டையைத் தொடங்கிவிடாதே என்ற தெளிவான உத்தரவு இருந்தும், அத்துறையில் எதிரியைச் சீண்டிப் பார்த்தார். 83 பேரை இழந்து பின்வாங்கினார். ஒரு நியூயார்க் ரெஜிமெண்ட் குலைந்து ஓடியது. இழப்பு சிறியதே. ஆயினும் படையின் மனநிலையில் அது விட்டுச்சென்ற கலக்கம் பெரியது. நேர்வழி அதோடு திட்டத்திலிருந்து நீங்கியது. இந்த முடிவில் நான் குறை காணவில்லை. எதிரியின் அடர்த்தி அங்கேதான் இருந்தது. அதுமட்டுமன்றி, போரிகார்ட் அத்துறைகளின் வழியே தாமே கடந்து சென்டர்வில்லைத் தாக்க எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வழிதான் மெக்டவல் வாஷிங்டனிலிருந்து கொண்டுவந்த வழி. தென்கிழக்கே வளைந்து, யூனியன் மில்ஸுக்கும் அப்பால் கடந்து, மனாசஸிலிருந்து ரிச்மண்டு நோக்கிச் செல்லும் பாதையைத் துண்டித்து, எதிரியைத் தானாகவே பின்வாங்க வைப்பது. காகிதத்தில் பார்க்கையில் இதுவே அழகான வழி. டைலர் சண்டையிட்டுக்கொண்டிருந்த அதே 18ஆம் தேதி மெக்டவல் தாமே குதிரையில் சென்று அந்தப் பாதைகளைப் பார்த்தார். இவ்வளவு பெரிய படைக்கு அவை மிகக் குறுகியவை, வளைந்தவை, சுற்றும் தொலைவும் பாதுகாப்பான அளவைத் தாண்டியது என்று கண்டு கைவிட்டார். வாஷிங்டனில் இருந்தபோதே அந்த வழிக்கு நம்பகமான வரைபடம் ஒன்று கிடைத்திருந்தால் இந்த ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். பாதையின் குறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இவ்வழியில் இன்னும் ஆழமான ஒரு குறை உண்டு. அது வெட்டக்கூடியது போரிகார்டுக்கும் ரிச்மண்டுக்கும் இடையிலான தொடர்பைத்தான். ஜான்ஸ்டன் வரக்கூடிய மேற்குப் பாதையை அது தொடவே தொடாது. வடக்கின் உண்மையான அச்சம் ரிச்மண்டிலிருந்து வரும் உதவி அல்ல, பள்ளத்தாக்கிலிருந்து வரும் உதவி. எனவே இவ்வழியைப் பாதைகளின் குறுகலுக்காக மட்டுமே தள்ளியது சரியான முடிவுக்குப் போதாத காரணத்தால் வந்து சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, வாரன்டன் சாலை வழியே நேராகக் கல்பாலத்துக்குச் சென்று அதைக் கைப்பற்றுவது. சாலை அகலமானது, நல்லது. பாலத்தில் வெடி வைக்கப்பட்டிருக்கிறது, வலுவான பீரங்கிக் காவல் இருக்கிறது, மரங்களை வெட்டிப் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள் என்று மெக்டவலுக்குச் செய்தி கிடைத்திருந்ததால் அதைப் போலித் தாக்குதலுக்கு மட்டும் ஒதுக்கினார். உண்மையில் பாலத்தில் வெடி இல்லை. எவன்ஸிடம் இருந்த வலிமையோ மேலே சொன்னவாறு மிகச் சிறியது. இதைவிட வியப்பான செய்தி ஒன்று சமர் நாளன்று வெளிப்பட்டது. பாலத்துக்குச் சற்று மேலே, எதிரிக் குதிரைவீரர் ஒருவர் ஓடையைக் கடப்பதைப் பார்த்த படையணித் தலைவர் வில்லியம் ஷெர்மன், அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, நண்பகல் அளவில் தம் ரெஜிமெண்டுகளைச் சிரமமின்றி அக்கரை சேர்த்தார். அதாவது, பன்னிரண்டு மைல் சுற்றாமல், பாலத்தை நேரே மோதாமல், அரை மைல் விலகிக் கடக்கக்கூடிய ஒரு நடுவழி இருந்தது. அது யாருடைய பட்டியலிலும் இல்லை. ஒப்பீடு என்பது தெரிந்த வழிகளுக்கு இடையில் மட்டுமே நடக்கும் என்பதால், மெக்டவலின் ஒப்பீட்டில் இருந்த மிகப் பெரிய பள்ளம் இதுவே என்பேன்.

நான்காவது, அவர் இறுதியில் தேர்ந்தது: வடமேற்கே பெரிதாகச் சுற்றி, சட்லி துறையில் கடந்து, எதிரியின் இடப்பக்கத்தின் மீது இறங்குவது. தலைமைப் பொறியாளர் மேஜர் ஜான் பார்னார்ட் 19ஆம் தேதி இவ்வழியைத் தேடிச் சென்றார். கப் ரன் என்ற சிற்றோடையை ஒட்டிய பாதை ஒன்றைக் கண்டார். எதிரியின் ரோந்துக் குழு கண்ணில் படவே, நாம் பார்ப்பதை அவர்கள் அறிந்துவிடக் கூடாதென்று திரும்பிவிட்டார். ஆகவே அப்பாதையின் கடைசிப் பகுதியை எந்த வடக்கு அலுவலரும் நேரில் பார்க்காமலே திட்டம் வகுக்கப்பட்டது. சட்லிக்கும் கல்பாலத்துக்கும் இடையில் மற்றொரு துறையில் ஹைன்ட்செல்மனின் பிரிவு கடக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. சமர் நாளில் அத்துறைக்குத் திரும்பும் பாதையை அவரால் கண்டுபிடிக்க இயலவில்லை. இருந்தும் நான்கு வழிகளில் இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிரி மிக மெலிந்திருந்த பக்கத்தை இது தொடுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரயில் பாதையை எட்டுவதும் இவ்வழியால் மட்டுமே ஆகும். ஜூலை 20 அன்று மெக்டவல் வெளியிட்ட உத்தரவு, அந்தப் பாதையை அழிப்பதை நோக்கமாகவே குறிப்பிடுகிறது. அப்போதைய கற்றுக்குட்டிப் படைகளின் தலைவர்களில் இவ்வளவு தெளிவாக நோக்கத்தையும் நிலத்தையும் இணைத்துச் சிந்தித்தவர்கள் அதிகம் இல்லை.

ஆனால் வழிகளை நிலத்தை வைத்து மட்டுமே எடைபோடுவது பாதி வேலை. அதே வழிகளை நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. ஜூலை 17 அன்று பேட்டர்சன் வின்செஸ்டரை விட்டு விலகிச் சார்லஸ் டவுனுக்குப் போனார். 18 அதிகாலையில் ஜான்ஸ்டனுக்கு ரிச்மண்டிலிருந்து தந்தி வந்தது. அன்று நண்பகலில் அவர் படை புறப்பட்டது. பீட்மான்ட் ரயில் நிலையம் வரை நடந்து, அங்கிருந்து ரயிலேறி, 19 பிற்பகலில் தாமஸ் ஜாக்சனின் படையணி மனாசஸ் வந்து சேர்ந்தது. 20 அன்று ஜான்ஸ்டனே வந்துவிட்டார். ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் போதாமல் அந்தப் போக்குவரத்து திணறிக்கொண்டே நடந்தது. அப்படியும் 21ஆம் தேதி வரை படைகள் வந்திறங்கிக்கொண்டே இருந்தன. மெக்டவலோ 18 மாலையிலேயே சென்டர்வில்லில் இருந்தார். மனாசஸுக்கும் அவருக்கும் இடையில் ஒரு நாள் நடைகூட இல்லை.

19 காலையில் தாக்கியிருந்தால்? போரிகார்ட் தனியாக இருந்தார். சட்லி வழி அப்போது யாருக்கும் தெரியாது. கல்பால வழி இருந்தது. அந்நாளில் கல்பாலத்தை மோதியிருந்தால், வெடி பற்றிய வதந்தியைத் துணிந்து புறக்கணிக்க வேண்டியிருந்திருக்கும். இன்னொரு தடை உணவு. மூன்று நாளுக்குச் சமைத்துக் கொடுத்த உணவை வீரர்கள் வழியிலேயே தின்று தீர்த்திருந்தார்கள், அல்லது சுமையாக இருக்கிறதென்று வீசியிருந்தார்கள். அணிவகுப்பை விட்டு விலகி முட்புதர்களில் கருநிறப் பழம் பறிப்பதும் தண்ணீர் தேடுவதுமாக இருந்தார்கள் என்று மெக்டவலே சொல்லியிருக்கிறார். உணவு வண்டிகள் வந்து சேரும் வரை பசித்த படையைக் கொண்டு தாக்குவதா என்பது நியாயமான கேள்வி. அந்நிலையில் 19ஐ விட்டுவிடலாம். 20 காலை அப்படியல்ல. அதற்குள் உணவு ஓரளவு வந்துவிட்டது; பார்னார்டும் பாதையைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியதில் பெரும்பகுதியைத் தெரிந்துகொண்டுவிட்டார். 20ஐ மேலும் நோட்டமிடுவதற்கும் ஆயத்தத்துக்கும் செலவிட்டதால் கிடைத்த கூடுதல் அறிவு மிகச் சொற்பம். அதே நாளில் தெற்குக்குக் கிடைத்தது ஒரு படைத்தலைவரும் பல ரெஜிமெண்டுகளும். பின்னர் ஹென்றி ஹவுஸ் மேட்டில் வடக்கின் தாக்குதலைத் தாங்கி நின்ற ஜாக்சன், பீ, பார்டோ ஆகிய மூன்று படையணித் தலைவர்களும் பள்ளத்தாக்கிலிருந்து ரயிலில் வந்தவர்களே. குறைவாகத் தெரிந்த சட்லி வழியில் 20 அன்று போவது, சற்றே கூடுதலாகத் தெரிந்த சட்லி வழியில் 21 அன்று போவதைவிட மேலானது என்பது என் மதிப்பீடு.

மெக்டவலுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஜான்ஸ்டன் நழுவிவிட்டார் என்பதை அவருக்கு யாரும் உரிய நேரத்தில் உறுதியாகத் தெரிவிக்கவில்லை. பேட்டர்சன் தம் முன்னிருந்த படை எங்கே என்பதையே தவறாகக் கணித்துக்கொண்டிருந்தார். ஆனால் தமது திட்டமே அந்த ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது என்று நன்கறிந்த தளபதி, பிறர் தந்த உறுதிமொழியை நம்பி அதை மறுபடி சோதிக்காமல் ஒரு நாளைச் செலவிடக் கூடாது. ஏற்கனவே அவர் கையிலிருந்த நேரம் மற்றொரு பக்கமும் ஒழுகிக்கொண்டிருந்தது: தவணை முடிந்த பென்சில்வேனியா 4ஆம் ரெஜிமெண்டும் நியூயார்க்கின் ஒரு பீரங்கிக் குழுவும், இன்னும் சில நாள் இருங்கள் என்ற வேண்டுகோளை மறுத்து, சமர் நாள் காலையில், எதிரியின் பீரங்கி முழக்கம் கேட்கக் கேட்க வாஷிங்டன் நோக்கித் திரும்பி நடந்தன.

கடைசியாக எடுக்கப்பட்ட முடிவு மிகச் சிறியதாகத் தெரியும். என் கணிப்பில் அதுவே மிகவும் விலை உயர்ந்தது. சட்லிக்குச் செல்லும் படைகளை 20 மாலையே சில மைல் முன்னே நகர்த்தி, இரவில் ஓய்வு கொடுத்து, காலையில் குறுகிய நடையுடன் தாக்குவது மெக்டவலின் எண்ணம். மிகத் தொலைவு செல்ல வேண்டிய தலைவர்கள், முகாமிலிருந்து அதிகாலையில் ஒரே மூச்சில் கிளம்புவதே மேல் என்றார்கள், அவர் விட்டுக்கொடுத்தார். இரண்டு முறை நகர்வதைவிட ஒரு முறை நகர்வது பழகாத படைக்கு எளிது என்ற வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் எல்லாப் படைகளும் ஒரே வாரன்டன் சாலையில், ஒரே சிறு பாலமான கப் ரன் பாலத்தைக் கடந்தாக வேண்டும் என்பது இந்த வாதத்தில் கணக்கில் வரவில்லை. பின்னிரவு இரண்டரை மணி அளவில் நகர்வு தொடங்கியது. பாலத்துக்குப் போலித் தாக்குதல் நடத்தச் சென்ற டைலரின் பிரிவு முன்னே ஊர்ந்துகொண்டிருக்க, பின்னே ஹண்டர், ஹைன்ட்செல்மன் பிரிவுகளின் சுமார் பதின்மூவாயிரம் பேர் இருட்டில் காத்து நின்றார்கள். ஏழு மணிக்குச் சட்லியில் இருக்க வேண்டியவர்கள் ஒன்பதரைக்குத்தான் எட்டினார்கள்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நடந்ததைப் பாருங்கள். டைலரின் பீரங்கிகள் ஆறு மணி முதலே சுட்டும் காலாட்படை முன்னேறாததால், இது வெறும் பாசாங்கு என்று எவன்ஸ் புரிந்துகொண்டார். தெற்கின் சமிக்ஞை அலுவலர் போர்ட்டர் அலெக்சாண்டர் தாம் நின்ற மேட்டிலிருந்து, தொலைவில் வெயிலில் மின்னிய பித்தளைப் பீரங்கியைக் கண்டு, உங்கள் இடப்பக்கம் சுற்றப்படுகிறது என்று கொடி அசைத்துச் செய்தி அனுப்பினார். எவன்ஸ் சில நூறு பேரைப் பாலத்தில் விட்டுவிட்டு மற்றவர்களோடு மேத்யூஸ் மேட்டுக்கு விரைந்து, சட்லியிலிருந்து இறங்கி வந்தவர்களை எதிர்கொண்டார். படைகள் முந்தைய மாலையே கப் ரன் பாலத்தைக் கடந்து படுத்திருந்தால், ஏழு மணிக்கு அந்த மேட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பீயும் பார்டோவும் எவன்ஸுக்குத் துணையாக வருவதற்கும் நேரம் இருந்திருக்காது. மெக்டவல் தமது அறிக்கையில் இத்தாமதத்தைப் பெரும் கேடாகக் குறிப்பிட்டதோடு, மாலை நகர்வைப் பற்றிய தம் முதல் எண்ணத்தையும், அதை விட்டுக்கொடுத்த காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். அவ்வாண்டு ஜூலை முடிவதற்குள் வாஷிங்டன் படைகளின் தலைமை ஜார்ஜ் மெக்கிளெல்லன் என்ற மற்றொரு தளபதிக்குப் போயிற்று. பேட்டர்சன் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மெக்டவல் அதே படையில் ஒரு பிரிவின் தலைவராகத் தொடர்ந்தார்.